வன்தட்டில் ஒரு பாகப்பிரிவினை

எமது தந்தைவழிக் காணி நால்வருக்குப் பிரிக்கப்பட்ட காலத்தில் நாம் கல்லூரியில் ஏழாம் வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தோம். நிலவளவையாளர் சங்கிலி பிடித்தார். நொத்தாரிசு உறுதி எழுதினார். கிணறு பங்குக் கிணறாயிற்று. ஒழுங்கைக்கெனப் பன்னிரண்டடி விடப்பட்டது. பேசி முடிக்க மூன்று மாதம் சென்றது. அஃது எமக்கு அன்று வீண் தாமதமாகவே தோன்றிற்று. பல்லாண்டுகளின் பின், 2014 இல், ஒரு கணினியின் வன்தட்டைப் பிரிக்கும் கடமை எம்மிடம் வந்தபோது அதனை மூன்று நிமிடத்தில் முடித்தோம். அவ்விரைவு எமக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதையே இங்கு எழுதப் புகுந்தோம்.

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடக்கிவைத்த லினக்ஸ் இன்று உலகெங்கும் வழங்குவது, விலையின்றிக் கிடைப்பது. ஓய்வு பெற்றோர்க்கு இப்பிந்திய குணம் பெரிதும் உவப்பானது. அதனை நிறுவும்போது, தட்டு முழுவதையும் அழித்து நிறுவலாமா என ஒரு வினா எழும். நாம் ஆம் என்றோம். 320 கிகாபைற்றும் வேலியில்லா ஒரே வளவாயிற்று. முறைமையும் செயலிகளும் எம் எழுத்துகளும் அதிலேயே குடியிருந்தன. அவற்றோடு, எண்பத்திரண்டு வயதான எம் அன்னையார் பேசப் பேச நாம் பதிந்துவைத்த நாற்பத்தொரு ஒலிப்பதிவுகளும் இருந்தன. 1964 ஆம் ஆண்டுச் சூறாவளி, அயலவர் கதைகள், ஒடியற்கூழ் காய்ச்சும் பக்குவம் என அவர் சொல்லாதது இல்லை.

2016 இல் ஒரு புதுப்பித்தல் இடைவழியில் நின்றுபோக, கணினி எழ மறுத்தது. மீண்டும் நிறுவினோம். அதே வினா வந்தது. விரல் பழக்கத்தால் அதே விடையைக் கொடுத்தது. பத்து நாட்கள் கழித்தே ஒலிப்பதிவுகள் நினைவுக்கு வந்தன. அன்னையார் காலமாகி அப்போது ஓராண்டாகியிருந்தது. கணினி பயின்ற நண்பரொருவர் மீட்க முயன்றார். ஆயின், பழைய எழுத்திருந்த இடங்களின்மேற் புதியன படிந்துவிட்டன. மூன்று சிறு துண்டுகளே கிடைத்தன. தொறன்றோவிலுள்ள தம்பிக்கு முன்னரே அனுப்பியிருந்த ஏழு பதிவுகள் முழுமையாகத் தப்பின. கூழின் பக்குவம் அவ்வேழில் இல்லை.

முறைமைக்கு ஒரு பகுதியும், ஹோம் எனப்படும் உரியவரின் உடைமைகளுக்கு வேறொரு பகுதியும் வகுத்திருந்தால், முன்னதை மாத்திரம் துடைத்துவிட்டுப் பின்னதைத் தொடாமலே இணைத்திருக்கலாம். இவ்வழக்கம் புதிதன்று. யூனிக்ஸை ஆக்கிய கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1970களின் தொடக்கத்திலேயே முறைமையை ஒரு தட்டிலும் பயனர் கோப்புகளை இன்னொன்றிலும் வைத்தனர். முதற்றட்டு நிறைந்தபோது முறைமையின் ஒரு பாகம் பயனரின் தட்டிற்குள்ளும் புகுந்துகொண்டது. அண்டை வளவிற் கிளை நீட்டிய முருங்கையை அறிந்தார்க்கு இது வியப்பன்று.

சூடு கண்ட பூனையாகிய நாம் அடுத்த கணினியில் மறு தலைக்குப் போனோம். ஹோம் பகுதியைப் பெரிதாக்கும் ஆசையில், ரூட் எனப்படும் முறைமைப் பகுதிக்குப் பதினைந்து கிகாபைற்றே கொடுத்தோம். பழைய கேர்னல்களும், இறக்கிய பொதிகளும், நாட்பதிவுகளும் அதனை நிறைத்துவிட்டன. ஒருநாள் கணினி எமது கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, உள்ளே விடாமல் மீண்டும் வாயிலிலேயே நிறுத்திற்று. ரூட்டின் எல்லை முடியுமிடத்திலேயே ஹோம் தொடங்குகின்றது. ஆதலால் முன்னதை அகட்ட வேண்டுமாயின் பின்னதன் தலைப்பைப் பெயர்த்து, உள்ளிருப்பதையெல்லாம் நகர்த்த வேண்டும். அதற்குப் பல மணி நேரம் செல்லும். இடையில் மின்சாரம் நின்றால் இரண்டும் பாழாகலாம். அதுவோ 2022 ஆம் ஆண்டு. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரையும் நாட்டில் மின்வெட்டு நிகழ்ந்த காலம். நாம் துணியவில்லை. பழைய கேர்னல்களை ஒவ்வொன்றாக நீக்கி நாட்களைக் கடத்தினோம்.

2023 இல் ஒரு டெராபைற்று வன்தட்டு வாங்கியபோது, நண்பரை அருகிருத்தி, அப்பியாசக் கொப்பியிற் பென்சிலால் முதலில் வரைந்தோம். கணினி எழும்போது நாடும் தொடக்கப் பகுதிக்கு 512 மெகாபைற்று. 1983 இல் வந்த பழைய அட்டவணை முறை நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் இடந்தராது. இன்றைய ஜிபிடி முறையில் வழமையாக 128 வரை வகுக்கலாம் என்பதால் எண்ணிக்கை பற்றிய கவலை எழவில்லை. சுவாப் எனப்படும் நினைவகத் துணைப்பகுதிக்கு 8 கிகாபைற்று: நினைவகத்தின் இருமடங்கு வேண்டுமென்ற பழைய கணக்கு இன்று பெரும்பாலும் வேண்டியதில்லை, கணினியை உள்ளபடியே உறங்கவைக்க விரும்புவோர் நினைவகத்தின் அளவையாவது கொடுத்தல் நன்று. ரூட்டுக்கு 60. அதன் பின் ஒருவருக்கும் எழுதாத வெறுநிலம் 100. எஞ்சியதெல்லாம் ஹோம். ரூட் பெருத்தால் எவரையும் பெயர்க்காமலே வெறுநிலத்துக்குள் நீளலாம். இரண்டிற்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையையே தெரிந்தோம். எக்ஸ்எப்எஸ் வளருமேயன்றி எளிதிற் சுருங்காது. எல்லைகளை வேண்டியபடி நீட்டிக் குறுக்கும் எல்விஎம் முறையை நண்பர் எடுத்துரைத்தார். எம் வயதுக்கு அஃது ஒரு படி மேலே என்று விலகிக்கொண்டோம்.

பணி முடிந்ததென எழுந்தபோது நண்பர் மறித்தார். வேலி மாட்டைத் தடுக்குமேயன்றி வெள்ளத்தைத் தடுக்குமோ என்றார். தட்டே பழுதானால் எல்லாப் பகுதிகளும் ஒருங்கே போம். ஆகவே அவ்வேழு பதிவுகளும் இப்பொழுது ஹோம் பகுதியில் ஒருமுறையும், அலுமாரியிலுள்ள வெளித்தட்டில் ஒருமுறையும், கொழும்பில் மகள் வீட்டில் ஒருமுறையுமாக இருக்கின்றன.

விடுமுறைக்கு வரும் பேரன் அந்த 100 கிகாபைற்று வெறுநிலத்தைக் கண்டு, அதிலொரு விளையாட்டை நிறுவலாமே எனக் கேட்கின்றான். நாம் இன்னும் இசையவில்லை.