ராஜ விசுவாசமும் தேசபக்தியும்

ஜே. ஸி. குமரப்பாவைக் கிராமக் கைத்தொழில் நிபுணர் என்ற அளவில்தான் கருணாபுரத்தில் நம்மிடம் படிக்கும் பிள்ளைகள் அறிவார்கள். தம் சபைத் தலைவரோடு அவர் தொடுத்த வாதத்தை அறியார்கள்.

1930-ஆம் வருஷம், உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டிருந்த சமயம். கல்கத்தாவில் வீற்றிருந்த ஆங்கிலிகன் பிரதம அத்தியட்சர் ஃபாஸ் வெஸ்ட்காட், சட்ட மறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு முரணானது என்று அபிப்பிராயம் வெளியிட்டார். அதே சபையைச் சேர்ந்த குமரப்பா அதை மறுத்து எழுதினார். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, கொலம்பியா சர்வகலாசாலையில் பட்டம் பெற்றவர் அவர். மேடைப் பிரசங்கி அல்லர்.

அத்தியட்சரின் கவலையை நாம் பரிகசிக்க மாட்டோம். சட்டம் குலைந்தால் முதல் அடி ஏழையின் முதுகில்தான் விழும், அது மெய். ஆயினும் ஒன்று நம் மனத்தை உறுத்துகிறது. 1914-இல் மூண்ட மகா யுத்தத்தில் துப்பாக்கி ஏந்திப் போன சிப்பாய்களுக்காக இங்கிலாந்தின் கோவில்களில் ஜெபம் நடந்தது. கொல்லப் போகிறவனுக்கு ஆசீர்வாதம். அடிபட்டும் கை ஓங்காதவனுக்குக் கண்டனமா? வேதத்தைக் காக்கிறோம் என்று எண்ணியவர்கள் சாம்ராஜ்யத்தை அல்லவா காத்தார்கள்! இத்தனைக்கும் வெஸ்ட்காட் கெட்ட மனிதரும் அல்லர், அதுதான் வருத்தம்.

காந்தியடிகள் சிறைப்பட்டபின் 'யங் இந்தியா' பத்திரிகையை நடத்திய குமரப்பாவும் 1931-இல் சிறை புகுந்தார். தேசத்துக்காகக் கிறிஸ்துவை அவர் விட்டாரா? 1942 போராட்டத்தை ஒட்டி மறுபடியும் சிறைப்பட்டபோது, அங்கிருந்தபடியே இயேசுவின் போதனைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார்.