ஜலசந்தி தாண்டி வந்த ஆட்டக்காரர்

அந்தமானில் வளர்ந்தவர்களுக்குச் சென்னை வெறும் ஊர் அல்ல, 'மெயின்லேண்ட்'. கப்பலில் ஏறினால் மூன்று நாள். இங்கே எவ்வளவு நன்றாகப் பந்தாடினாலும் அங்கே போய் ஆடினால்தான் பெயர். அதனாலோ என்னவோ, 1994-95 ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பைப் போட்டியில் எனக்கு நயீம் ஒருவர்தான் மனதில் நிற்கிறார்.

அவர் பிறந்த செயுட்டா ஸ்பெயினுக்குச் சொந்தம். ஆனால் இருப்பதோ ஜலசந்திக்கு அந்தப் பக்கம், ஆப்பிரிக்கக் கரையில். அவரும் பார்சிலோனாவுக்குப் போய்த்தான் ஆளானார்.

1995 மே 10, பாரிஸ். இறுதி ஆட்டத்தில் நடப்புச் சாம்பியன் ஆர்சனலும் ஸ்பெயினின் சரகோசாவும் 1-1. கூடுதல் நேரமும் முடியும் தறுவாய். பெனால்டிதான் என்று எல்லோரும் நினைத்த 120-வது நிமிடத்தில், வலது ஓரத்தில் 40 மீட்டருக்கும் அப்பால் நயீமிடம் பந்து வந்தது. கோல்கீப்பர் சீமன் முன்னேறி நிற்பதைக் கவனித்துத் தூக்கி அடித்தார். பின்னால் ஓடிய சீமனின் கையில் பட்டும் பந்து வலைக்குள். (நயீம் முன்பு ஆடியது ஆர்சனலின் ஜென்ம வைரி டாட்டன்ஹாமுக்கு!)

போர்ட் பிளேரில் - இன்று ஸ்ரீ விஜயபுரம் - சிற்றலை வானொலியில் முடிவைக் கேட்டேன். மாலையில் மைதானத்துப் பையன்களுக்கு மண்ணில் செயுட்டாவை வரைந்து காட்டினேன். அந்த வாரம் முழுக்க நடுக்கோட்டிலிருந்தே அடித்தார்கள். பாதிப் பந்து சாலையில்.

நாட்டுக் கோப்பையை வென்றாலே நுழையலாம் என்பதுதான் சின்ன கிளப்புகளுக்கு அந்தப் போட்டி தந்த வாசல். 1999-ல் லாசியோ வென்றதோடு அதை மூடிவிட்டார்கள்.