வச்சிரம் இளகும் மேசை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது கலமசூ. கிப்ஸன் கிட்டார் நிறுவனம் 1902-இல் தொடங்கிய ஊர். பார்சன்ஸ் தெருவில் இருந்த அதன் ஆலை 1984-இல் மூடப்பட்டு, தயாரிப்பு நாஷ்வில்லுக்குப் போனது. ஊரைவிட்டுப் போக மனமில்லாத ஊழியர்கள் சிலர் மறுவருடமே அந்தப் பழைய கட்டடத்தில் ‘ஹெரிடேஜ்’ என்ற பெயரில் கிட்டார் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த ஊரில் ஒரு சிறு பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போனபோது, எண்பது வயதைத் தாண்டிய ஆர்ச்டாப் ஒன்று மேசைமேல் கிடந்ததைப் பார்த்தேன்.

வயலினைப் போல முகப்பலகை மேடாகச் செதுக்கப்பட்ட கிட்டார் இது. முகம் ஸ்புரூஸ் மரம், முதுகு மேப்பிள். 1922-இல் கிப்ஸனில் லாயிட் லோரின் மேற்பார்வையில் வந்த எல்-5 மாதிரியில் வட்டத் துளை போய், எஃப் வடிவத் துளைகள் இரண்டு வந்தன. பித்தளைக் குழல்கள் முழங்கும் ஜாஸ் குழுவிலும் அதன் தாளம் தனியே கேட்டது.

பட்டறைக்காரர் முகப்பலகையை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் மட்டும் ஓசை சிதறியது. உள்ளே தாங்குசட்டம் விட்டிருக்கிறது. எஃப் துளை வழியாகக் கை நுழையாது; சிறு விளக்கையும் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியையும் நுழைத்துப் பார்க்கிறார்.

ஒட்டுவதற்கு அவர் எடுத்தது வச்சிரம். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் அந்தப் பழைய பசைதான் இதிலும் முதலில் இருந்தது. சூடும் ஈரமும் பட்டால் இளகும். எப்பாக்சியால் ஒட்டிவிட்டால், அடுத்துப் பழுதுபார்க்க வருபவர் மரத்தைத்தான் பிளக்க வேண்டியிருக்கும்.

தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் முகப்பலகையோடு ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அதன் அடி, பலகையின் வளைவோடு இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். பலகைமேல் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி பரப்பி, அதன்மேல் பிரிட்ஜை முன்னும் பின்னும் தேய்க்கிறார். கிட்டாரின் வளைவே தன் பிரிட்ஜைச் செதுக்கிக்கொள்கிறது!

இதன் உரிமையாளர் மேடையில் வாசிப்பவர். தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பிக்கப் வேண்டும் என்கிறார். பிக்கப்புக்காக முகப்பலகையை அறுத்த பழைய கிட்டார்கள் எத்தனையோ உண்டு. அறுத்த மரம் மறுபடி வராது, பழைய ஒலியும் வராது. பட்டறைக்காரரோ பிக்கப்பைக் கழுத்தின் நுனியில், பலகையைத் தொடாமல் மிதக்கவிடுகிறார். புதிதாக ஒரு துளைகூட இல்லை. தந்திகளை மட்டும் மாற்றுகிறார்: வெண்கலம் சுற்றிய தந்தியைக் காந்தப் பிக்கப் சரியாக உணராது, அதனால் நிக்கல் சுற்றியவை.

முகப்பலகையைக் கீறலிலிருந்து காக்கும், செல்லுலாய்டால் ஆன பழைய பிக்கார்டு நொறுங்கத் தொடங்கியிருந்தது. அது விடும் வாயு பக்கத்திலுள்ள உலோகத்தை அரிக்கும். அதே அளவில் புதியதை வெட்டிப் பொருத்தினார். பழையதை எறியவில்லை. காகிதத்தில் பொதிந்து, தேதி எழுதி, கிட்டார் பெட்டியில் வைக்காமல் தனி உறையில் உரிமையாளருக்காக எடுத்துவைத்தார்.

பிறகு வச்சிரக் கிண்ணத்தை மறுபடி சுடுநீரில் இறக்கினார். அடுத்த கிட்டார் சுவரோரம் காத்திருந்தது.