சாவி என்னிடம்தான் இருந்தது

பதிவேட்டில் பொய் எழுதியவன் நான். அதில் பிள்ளைகளின் கையெழுத்தையும் வாங்கியவன்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், குப்பத்துப் பிள்ளைகள் படிக்கும் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது நூலகத்தையும் என் தலையில் கட்டினார்கள். நூலகம் என்றால் இரண்டு இரும்பு பீரோ. உப்புக்காற்றில் கீல் துருவேறி, கதவை இழுத்தால் பக்கத்து வகுப்புவரை கேட்கும். அதனாலேயே இழுக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை இருந்தது. அதில் வடிவியல் நடத்தினேன்.

உண்மைக் காரணம் பயம். புத்தகம் தொலைந்தால் பொறுப்பாசிரியர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று மூத்தவர் ஒருவர் காதில் போட்டார். யாருக்கும் பிடித்து நான் பார்த்ததில்லை. 'இதுங்ககிட்ட குடுத்தா மீன் சுத்திடும்' என்று ஆசிரியர் அறையில் நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். எழுதவே கூசுகிறது.

ஆய்வு வரும் வாரம், வழங்கல் பதிவேட்டில் பழைய தேதிகளையும் தலைப்புகளையும் இரண்டு நிற மையில் நிரப்பி, ஒன்பதாம் வகுப்பை வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்குவேன். ஒருமுறை அதிகாரி ஒரு மாணவியை எழுப்பி, "எடுத்த புத்தகத்துல என்ன கதைம்மா?" என்றார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, வலை இழுக்கப் போகவேண்டிய அண்ணனுக்குப் பதிலாகத் தங்கை படகேறிய கதை ஒன்றைத் தங்குதடையின்றிச் சொன்னாள். அதிகாரிக்கு மகிழ்ச்சி. மாலையில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படியொரு கதையே இல்லை. நின்ற இடத்தில் கதை கட்டத் தெரிந்த பிள்ளைக்குத்தான் நான் ஒரு புத்தகமும் கொடுக்காமல் இருந்தேன்.

சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதனும் கணக்கு ஆசிரியர்தான். மாநிலக் கல்லூரியில் கணக்கு நடத்தியவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவதே, புத்தகம் பயன்படுத்துவதற்கு என்பதுதான். வாசகருக்கும் அவருக்கேற்ற புத்தகத்துக்கும் முடிச்சுப் போட ஓர் ஆள் வேண்டும் என்று கடைசிவரை வற்புறுத்தியவர். அந்த ஆளுக்குக் கல்பாக்கம் கேந்திரிய வித்யாலயாவில் நூலகர் என்றே பணியிடம் உண்டு. எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய்வரை நூலக மானியம் வந்தது. அது புத்தகத்துக்கு. ஆளுக்கு இல்லை, ஆள் நான்தான்.

நல்ல நூலகர் இருந்தால் லாபம் தமிழ்ப் பாடத்துக்கு என்றுதான் நினைத்திருந்தேன். என் பாடத்துக்கே என்பது தாமதமாகத்தான் உறைத்தது. வட்டிச் சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்வார்கள். நாலு வரியில் கேள்வி வந்தால், எது அசல், எது தொகை என்று தெரியாமல் விழிப்பார்கள். கணக்கு வராத பிள்ளைகள் என்று எழுதிவைத்தேன். அவர்களுக்கு வராதது வாசிப்பு. அதற்காகக் கொடுத்த பாடவேளையைத்தான் நான் மேலும் கணக்கு நடத்தித் தின்றேன்.

மாறுதலில் போகும்போது இருப்பைச் சரிபார்த்தார்கள். ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை. பொறுப்பேற்றவர், "இவ்வளவு சுத்தமா யாரும் ஒப்படைச்சதில்ல சார்" என்று கைகொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.