மொட்டைமாடி பார்பிக்யூ: இடுக்கியும் கரியும் பேடகி மிளகாயும்

டிசம்பர் குளிர் லேசாக எட்டிப் பார்த்தால் போதும், பெங்களூருக்குப் பிழைக்க வந்த நம்மாட்களுக்கு பார்பிக்யூ ஜுரம் வந்துவிடும். உடனே இருபது உருப்படி அடங்கிய ஒரு பெட்டியை ஆன்லைனில் வாங்குவார்கள். இரண்டே மாதத்தில் அதில் பதினைந்து பரணுக்குப் போய்விடும். என்னைக் கேட்டால் வேண்டியது நாலைந்து சாமான்தான்.

முதலில் நீளமான இடுக்கி. 2 வேண்டும். ஒன்று பச்சைக் கறியைத் தொட, இன்னொன்று வெந்ததை எடுக்க. எங்கள் வீட்டில் தங்கமணி ஒன்றின் பிடியில் சிவப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறார். நூல் இல்லாததைத் தொட்டால்தான் தட்டில் சோறு! கம்பி வலை வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகப் பார்த்து வாங்குங்கள். பளபளவென்று மலிவாகக் கிடைக்கும் ஜி.ஐ. வலையில் இருப்பது துத்தநாகப் பூச்சு. சூடு ஏறினால் அது புகையாகக் கிளம்பும். வலையில் எண்ணெய் தடவ பிரஷ் எதற்கு? தோசைக்கல்லுக்குச் செய்வது போல அரை வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்த்தால் போச்சு.

கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டருக்குச் செய்யுங்கள். கோழித்துண்டின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டதா, எடுத்துவிடலாம். வெளியே கருகி உள்ளே ரத்தம் தெரிகிற கோழிக்கால், நண்பர்கள் வீட்டு மாடிகளில் நான் அடிக்கடி பார்க்கிற காட்சி.

அடுத்து கரி. சூப்பர் மார்க்கெட்டில் கட்டி கட்டியாக விற்கும் அச்சுக்கரியை அமெரிக்காவில் பிரபலமாக்கியவர் நம்ம கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு. 1920களில் கார் தொழிற்சாலையில் மிஞ்சிய மரத்துண்டுகளை வீணாக்க மனமில்லாமல் செய்த வேலை. எனக்குப் பிடித்தது தேங்காய்ச் சிரட்டைக் கரி. புகை குறைவு, தணல் நின்று எரியும். பற்றவைக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். "மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க சார், கறி பூரா நாறும். தேங்காய் நாரை அடியில வைங்க, மேல கரியைக் கூம்பு மாதிரி அடுக்குங்க" என்றார். அப்புறம் ஒரு பனையோலை விசிறி. கரி மேல் வெள்ளையாகச் சாம்பல் பூத்த பிறகுதான் கறியை வைக்க வேண்டும்.

மசாலாவுக்கு இங்கே இருக்கும் பெரிய வசதி பேடகி மிளகாய். ஹாவேரி மாவட்டத்துச் சரக்கு. நல்ல சிவப்பு, காரம் கம்மி. கலர் பொடியே தேவையில்லை, பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். காரத்துக்கு ஊரிலிருந்து வரும் முண்டு மிளகாய் நாலு சேர்த்துக்கொள்வேன். கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு, மிளகு, நல்லெண்ணெய். ஆட்டுக்கறி என்றால் பப்பாளிக்காயை அரைத்துக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதுவும் 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், கூழாகிவிடும். தேன், வெல்லம் எல்லாம் கடைசி ஐந்து நிமிடத்தில் தடவுங்கள், முதலிலேயே தடவினால் கரிந்து கசக்கும்.

இப்போது மழைக்கு வருகிறேன். பெங்களூர் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? போன வருஷம் ஒரு சாயங்காலம், பாதி கோழி அடுப்பில் இருக்கும்போது கொட்ட ஆரம்பித்தது. மச்சினன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தான். "ஹால்ல வச்சுக்கலாம் அத்தான், ஜன்னலைத் திறந்துட்டாப் போச்சு. புகையே இல்லையே!"

வாசலிலேயே மறித்துவிட்டேன். அந்தப் 'புகையே இல்லையே'தான் ஆளை ஏமாற்றுகிறது. சிவந்து கனியும் தணலிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி, அப்புறம் தூக்கம். குளிருக்காக அறைக்குள் கரிச்சட்டி வைத்துப் படுத்து எழாமலே போன குடும்பங்களைப் பற்றி ஒவ்வொரு குளிர்காலமும் செய்தித்தாளில் வருகிறது. ஜன்னலையும் ஃபேனையும் நம்பி இதில் இறங்கக்கூடாது. மூடின பால்கனியும் அறை மாதிரிதான். உள்ளே என் பிள்ளைகளும் அவன் பிள்ளைகளுமாக நாலு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அடுப்பு மழையிலேயே நின்றது. மச்சினன் அரை மணி நேரம் பேசவில்லை. மிச்சக் கோழியை அம்மா தோசைக்கல்லில் போட்டு எடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் முதலில் தீர்ந்தது.

முடிந்ததும் சாம்பலைக் குப்பைக்கூடையில் கொட்டிவிடாதீர்கள், உள்ளே கங்கு மறுநாள் வரைகூட இருக்கும். மூடியுள்ள தகர டின்னில் போட்டு இறுக்கி மூடி, மாடியிலேயே விட்டு வையுங்கள். காற்றில்லாமல் அணைந்துவிடும், மிஞ்சிய கரி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும்.