பிறந்ததைப் பார்த்தவர்கள் உண்டு

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கடல் தெரியும் இடங்களில் பெரும்பாலானவற்றில் ரங்கிடோட்டோ என்ற எரிமலைத் தீவும் தெரியும். நடுவில் சிறு கொண்டை, இருபுறமும் நிதானமாகக் கடலுக்குள் சரியும் தோள்கள். எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய அதே உருவம்தான். அங்கே குடியிருக்கும் என் அக்கா மகள், டிசம்பரில் ஒருநாள் விடுப்பு போட்டுவிட்டு என்னை அந்தத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"தண்ணி நிறைய எடுத்துக்கோங்க சித்தி. அங்க ஒரு பெட்டிக்கடைகூடக் கிடையாது. கடைசிப் படகை விட்டா ராத்திரி பாறை மேலதான்" என்றாள்.

நகரத் துறையிலிருந்து 25 நிமிடப் படகுப் பயணம். ஏறுவதற்கு முன் காலணியின் அடியைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். பையில் விதையோ எறும்போ ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பாஸம், வாலபி என்னும் விலங்குகள் தீவின் மரங்களைப் பல்லாண்டுகள் மொட்டையடித்தன. 1990களில் அவற்றை ஒழித்தார்கள். பிறகு எலி, பூனை எல்லாவற்றையும் அகற்றி, 2011இல்தான் தீவு முழுக்கத் தொல்லை நீங்கியது என்று அறிவித்தார்கள்.

கரையிறங்கியதும் எங்கும் கறுப்பு. கோடை உழவில் புரண்டு கிடக்கும் கரிசல் கட்டிகளைப் போல லாவாப் பாறைகள். தொட்டால் கையைக் கிழிக்கும் சொரசொரப்பு. சுமார் 5.5 கிலோமீட்டர் அகலமுள்ள இந்தத் தீவில் ஓர் ஓடைகூட இல்லை. பெய்யும் மழையெல்லாம் விரிசல்களுக்குள் இறங்கிவிடுகிறது. மண் என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால், உலகின் மிகப் பெரிய போஹுடுகாவா மரக் காடு இங்கேதான் இருக்கிறது. நாங்கள் போனது அது பூக்கும் காலம். கறுப்புப் பாறைக்கு மேல் சிவப்பு இழைகளாகக் கொத்துக் கொத்தாய்ப் பூ. தேன் குடிக்க டூயி பறவைகள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன.

மண்ணில்லாத இடத்தில் மரம் எப்படி வந்தது? முதலில் பாசியும் கற்பாசியும் பாறையைப் பற்றுகின்றன. காற்றில் வரும் போஹுடுகாவாவின் நுண்ணிய விதை ஒரு விரிசலில் சிக்கி, ஈரத்தைத் தேடி வேரை உள்ளே விடுகிறது. அந்த ஒற்றை மரத்தின் நிழலிலும் உதிர்ந்து மக்கிய இலையிலும் மற்றச் செடிகள் குடியேறுகின்றன. பாதையோரம் இதன் எல்லாக் கட்டங்களையும் ஒருசேரப் பார்க்கலாம்: வெறும் பாறை, அதில் தனித்த ஒரு புதர், அதைச் சுற்றிச் சிறு தோப்பு, அப்புறம் அடர்ந்த காடு. கரையில் அலையாத்தி மரங்கள், சேறே இல்லாமல், லாவா மீதே வேரூன்றி நிற்கின்றன.

மலையின் வயது சுமார் 600தான். ஆக்லாந்தைச் சுற்றியுள்ள ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகளில் இதுவே இளையது, பெரியதும்கூட. இது கடலிலிருந்து எழுந்தபோது பக்கத்துத் தீவான மோடுடாபுவில் மாவோரி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே மனிதர்களின் காலடித் தடங்களும் நாய்களின் தடங்களும் பதிந்து கிடந்ததை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். ஊர் புதைந்த பிறகும் அவர்கள் திரும்பி வந்தார்கள். சாம்பல் படிந்த அந்த நிலத்தில் தோட்டம் போட்டார்கள். ஒரே நெருப்புதான், இந்தத் தீவுக்குக் கல்லையும் அடுத்த தீவுக்கு விளைநிலத்தையும் கொடுத்திருக்கிறது.

1854இல் அரசு ரங்கிடோட்டோவை 15 பவுண்டுக்கு வாங்கியது. நாங்கள் நடந்த பாதைகளுக்கு அடித்தளம் இட்டவர்கள் கைதிகள். 1925 முதல் 1936 வரை கல்லுடைத்துச் சாலை போட்டார்கள். அதே காலத்தில் நகரத்துக் குடும்பங்கள் கரையோரம் சிறு விடுமுறை வீடுகளைக் கட்டிக்கொண்டன. 1937இல் புதிதாகக் கட்டத் தடை வந்தது. எஞ்சிய சில வீடுகள் மழைநீர்த் தொட்டியும் தகரக் கூரையுமாக இன்னும் நிற்கின்றன.

உச்சி 259 மீட்டர். ஒரு மணி நேர ஏற்றம். பாதி வழிவரை நிழல் குறைவு. பாறை வாங்கிய வெயிலைத் திருப்பி நம் மேலேயே வீசுகிறது. உச்சியை நெருங்கும்போது லாவாக் குகைகளுக்கு ஒரு கிளைப்பாதை பிரிகிறது. குழம்பின் மேற்பரப்பு இறுகிவிட, உள்ளே இருந்தது வழிந்தோடியதால் உண்டான சுரங்கங்கள் அவை. டார்ச் இல்லாமல் நுழைய முடியாது. குனிந்து, தவழ்ந்து மறுபுறம் வந்தோம். உச்சியில் எரிமலை வாயைத் தேடினேன். அதற்குள்ளும் மரங்கள்தான்.

அங்கிருந்து நகரம் முழுக்கத் தெரிந்தது. வீடுகளுக்கு நடுவே ஆங்காங்கே பச்சை மேடுகள். அத்தனையும் எரிமலைகள் என்று அக்கா மகள் விரல் நீட்டி எண்ணினாள். இந்த எரிமலைக் களம் அவிந்துவிடவில்லை, உறங்குகிறது. அடுத்தது புதிய இடத்தில் வெடிக்கலாம்.

"பயமா இல்லையா உனக்கு?"

"வீட்டுக் கடன் இன்னும் நிறைய வருஷம் இருக்கு சித்தி. அது முடியட்டும், அப்புறம் பயப்படறேன்."

சிரித்துவிட்டேன். ஆனால் மோடுடாபுவில் சாம்பலைக் கிளறி மறுபடி நட்டவர்களும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று தோன்றியது. மலையைப் பற்றிக் கவலைப்பட அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. நடவுக்குப் பருவம் தப்பக் கூடாதே.