தாமதத்துக்கு விலை

ரயில் நேரம் கழித்து வந்தால் பிரயாணிக்குப் பணம் கொடுப்பார்களா? கொடுத்திருக்கிறார்கள், ஐயா! 2019 அக்டோபரில் லக்னோவுக்கும் புது டில்லிக்கும் இடையே ஐ.ஆர்.சி.டி.சி. நடத்த ஆரம்பித்த தேஜஸ் எக்ஸ்பிரஸில், ஒரு மணிக்கு மேல் தாமதமானால் 100 ரூபாய், இரண்டு மணிக்கு மேல் போனால் 250 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த மாதமே வண்டி தாமதித்தது. பணமும் கொடுக்க நேர்ந்தது. 2024 பிப்ரவரியில் அந்த ஏற்பாடு நின்றுபோயிற்று.

ரயிலுக்கும் பண ஆசைக்கும் உள்ள உறவு தஞ்சைச் சீமைக்குப் புதிதல்ல. 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் பாதை போட்ட கிரேட் சதர்ன் ஆப் இந்தியா கம்பெனிக்கு, போட்ட முதலுக்கு 5 சதவிகித வட்டி கிடைக்கும் என்று சர்க்கார் உத்தரவாதம் தந்திருந்தது. வண்டி ஓடி லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வட்டி உண்டு. அப்புறம் சிக்கனத்தைப் பற்றிக் கம்பெனிக்கு என்ன கவலை? வட்டி வாங்கியவர் லண்டனில் இருந்தார்; வரி கட்டியவர் இங்கே சேற்றில் நின்றார்.

நஷ்டஈட்டுச் சமாசாரத்தை, பாஸஞ்சர் வண்டியில் எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் சொன்னேன். நடவுக்குப் போகிறவள். எதிர் வண்டிக்கு வழிவிட்டு, எங்கள் வண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் வெகு நேரமாக நின்றிருந்தது.

"பணம் எதுக்குங்க?" என்றாள். "நேரத்துக்குக் கொண்டுபோயி விட்டா என் கூலிய நானே சம்பாதிச்சுக்குவேன். எல்லாரும் வயல்ல எறங்கின பெறகு போயி நின்னா, யாரு சேத்துக்குவா?"

அவள் டிக்கெட் 10 ரூபாய். முழுவதையும் திருப்பிக் கொடுத்தாலும் போன கூலி வருமா?

இன்னொரு சங்கடமும் உண்டு. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்கு வரும் மெயின் லைன் ஒற்றைப் பாதை. தாமதித்தால் அபராதம் கட்டவேண்டிய வண்டியும், அபராதமே இல்லாத வண்டியும் எதிரெதிரே வந்தால் எது லூப் லைனில் ஒதுங்கும்? யோசிக்கவே வேண்டாம். கடைசி ஸ்டேஷனில் மட்டும் நேரம் பார்ப்பதானால், அதற்கு முன்னால் அட்டவணையில் பத்து நிமிஷத்தைத் தாராளமாகச் சேர்த்துவிடலாம். வழியெல்லாம் பிந்திய வண்டி முடிவில் உத்தமனாகிவிடும்!

இங்கிலாந்தில் 15 நிமிஷத் தாமதத்துக்கே பல கம்பெனிகள் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருகின்றன. நல்லதுதான். இங்கேயும் பரிசும் அபராதமும் வரட்டும். ஆனால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கடிகாரத்தைப் பார்க்கட்டும். பாஸஞ்சர் வண்டியையும் அதே கணக்கில் சேர்க்கட்டும். அபராதமாக வரும் பணத்தை இரண்டாவது தண்டவாளம் போடச் செலவழித்தால், அப்புறம் அபராதத்துக்கே அதிக வேலை இராது.